பழைய நூற்றிநாலால் திரும்பிய நாள்

நான் வேலையை விட்ட அன்று பிறம்ரன் லொறி யார்டில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அதில் என் பெயரை ஆங்கிலத்தில் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரியாக எழுதியிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதிக் காலம் வகுப்புக்கு வெளியே வெயிலில் நின்று படித்தவன்.

கேக்கைத் தின்றுகொண்டே இளம் ட்ரைவர்மார் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"அங்கிள், ஜிபிஎஸ் இல்லாமல் எப்பிடி ஓடினனீங்கள்? லைக், சீரியஸ்லி?"

"வாயாலை," என்றேன். "மறிச்சு மறிச்சுக் கேட்டனான். அமெரிக்காவிலை அரைவாசிச் சனத்துக்கு என்ரை முகம் தெரியும்."

பேச்சுவாக்கில் பழைய யு.எஸ். நூற்றிநாலாம் நம்பர் ரோட்டைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒருவன் போனை எடுத்துத் தட்டினான். "அப்பிடி ஒரு ரோட்டே இல்லை அங்கிள். இட் டஸின்ட் எக்ஸிஸ்ட்."

"அப்ப நான் இல்லாத ரோட்டிலையே ஓடினனான்? அதுதான் முதலாளி என்னைக் காணேல்லை, காணேல்லை எண்டு தேடினவர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சிரிப்பு நின்றது. அந்த ரோட்டில் ஒரு நாள் என் பக்கத்தில் ஒரு மனிதன் இருந்தான். அவன் இருந்த இருப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

லொறிக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ரொறன்ரோவில் கோப்பை கழுவினேன், கோழி வெட்டினேன், பிறகு லைசென்சுக்குப் போனேன். எழுத்துப் பரீட்சையில் நான் விழுந்த தரங்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் அந்த அலுவலகத்தில் இருந்த பெண் என்னைக் கண்டதுமே பேனையை நீட்டத் தொடங்கிவிட்டாள். விடைகளைப் பாடமாக்கி ஒருபடியாக அதைக் கடந்தேன். ஓட்டப் பரீட்சை முதல் தரமே பாஸ். பின்பக்கமாக லொறி எடுக்க எழுத்துத் தெரியத் தேவையில்லையே.

என்னை வேலைக்கு எடுத்தவர் தம்பிராசா அண்ணை. நாலைந்து லொறியும், பிறம்ரனில் ஒரு யார்டும், அதன் மூலையில் சக்கரம் கழற்றிய ஒரு ட்ரெய்லரும் அவருக்கு இருந்தன. அந்த ட்ரெய்லர்தான் ஒஃபிஸ். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். ஸ்வெற்றரையும் காற்சட்டைக்குள் விட்டு பெல்ற் கட்டுவார். போன் அடித்தால் எழுந்து நிற்பார். கைலேஞ்சியால் ரிசீவரின் வாயைத் துடைத்த பிறகுதான் கதைப்பார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டீரோ?" ஒரு தரம் கேட்டால் சுகம் விசாரிக்கிறார். இரண்டாம் தரமும் கேட்டால் ஏதோ வில்லங்கம்.

நான் சேர்ந்த முதல் கிழமையே லொறியைப் பின்னுக்கு எடுத்து யார்ட் வேலியைப் படுக்க வைத்துவிட்டேன். அவர் வெளியே வந்து வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம் அண்ணை."

"வடிவாச் சாப்பிட்டீரோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப வேலியை நிமித்தும்."

அவ்வளவுதான் ஏச்சு. பின்னேரம் வரை நிமிர்த்தினேன்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவனைத் தனியே அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது என்று அவர் என்னோடு சோடி சேர்த்துவிட்ட ஆள்தான் மரியதாஸ். நான் தாசண்ணை என்பேன். மன்னார் ஆள். ஊரில் ரோட்டு ஓவசியராக இருந்தவர். அவர் ரோட்டுத் தகடு வாசிப்பார், நான் பகிடி விடுவேன். போகும்போது நான் லொறி ஓடுவேன், திரும்பும்போது அவர் ஓடுவார். சாமான் ஏறி முடிந்ததும், அடுத்து ஓடப்போகிறவர் ரயர்களைத் தடியால் தட்டி, பிறேக் குழாய்களைத் தடவி, கதவு முத்திரையைப் பார்க்க வேண்டும். மற்றவர் யார்டுக்குப் போன் எடுக்க வேண்டும். இது தம்பிராசா அண்ணையின் சட்டம்.

தாசண்ணைக்கு நெடுஞ்சாலைகளைக் கண்ணில் காட்டக்கூடாது. "உது ரோட்டே? உது தண்ணிப் பைப்பு. ஒரு பக்கத்தாலை விட்டால் மற்றப் பக்கத்தாலை வாறதுதான். நடுவிலை என்ன ஊர் இருந்தது எண்டு தண்ணிக்குத் தெரியுமே?" என்பார். நாங்கள் மாதத்தில் இரண்டு மூன்று தடவை நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்பிள் சோஸ் ஏற்றப் போவோம். பஃபலோ வழியாகப் பைப்பில் திரும்பினால் கெதியாக வந்துவிடலாம். அவர் விடமாட்டார். ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கே ஊர் ஊராகப் போகும் பழைய நூற்றிநாலால்தான் வருவார். ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பு விளக்கு, ஒவ்வொரு விளக்கிலும் என் வாயில் ஒரு தூஷணம்.

"யோகு, ரோட்டைப் பாரடாப்பா."

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். அசையுதில்லை."

ரொச்செஸ்ரருக்கு மேற்கே உருண்டைக் கல்லால் கட்டிய ஒரு பழைய வீடு ரோட்டோரம் இருந்தது. அதற்கு முன்னால் லொறியை நிறுத்தி இறங்கிவிடுவார். சுவரைப் பார்ப்பார். குந்தியிருந்து தார் விளிம்பில் கிடக்கும் சரளைக் கல்லைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பார், நகைக்கடையில் நிற்பவர் போல. நான் உள்ளே இருந்து ஹோர்ன் அடிப்பேன். அவர் அந்த ரோட்டைப் பற்றி ஏதேதோ சொல்வார். நான் நித்திரை கொள்வேன்.

அதே ரோட்டில், எங்கள் மாகாணத்தின் பெயரிலேயே, ஒன்ராறியோ என்றும் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முதல் பயணத்தில் தாசண்ணை அந்தப் பெயரை வாசித்ததும் நான் பெற்றோல் ஸ்ரேசனில் இறங்கி முதலாளிக்குப் போன் எடுத்து, "அண்ணை, ஒன்ராறியோவுக்கு வந்திட்டம்" என்றேன். அவர் உடனே சாமான் இறக்க ஆள் பிடித்து, எங்களுக்குக் கோப்பியும் வாங்கி வைத்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர அந்தக் கோப்பி பச்சைத் தண்ணீர். "சாப்பிட்டீரோ?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அதை அப்படியே என்னிடம் நீட்டினார்.

தாசண்ணைக்கு ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். மனைவி பிலோமினா, மகள் ஜெனி. வேறு ஒருவரும் இல்லை. மகள் நடக்கத் தொடங்க முன்னம் இவர் வெளிக்கிட்டு வந்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவர்களின் கலியாணப் பதிவும் பிறப்புப் பதிவும் எங்கேயோ போய்விட, திரும்ப எடுப்பதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. நான் சொல்லும் இலையுதிர் காலத்தில் எல்லாம் சரிவந்து, விசாவும் கிடைத்து, அவர்கள் கொழும்புக்குப் போக ஆமியிடம் பாஸ் கேட்டு வவுனியாவில் நின்றார்கள். தாசண்ணை ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் இரண்டு அறை வீடொன்று பார்த்து வைத்திருந்தார். குளிருக்கு இரண்டு கோட்டும் வாங்கிவிட்டார், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அவர் இருந்த பேஸ்மென்ற் சுவரில் ஈரம் கசியும். கோட் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவற்றை லொறியில், எங்கள் சீற்றுக்குப் பின்னால் இருந்த படுக்கைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

"படத்திலை பாத்து அளவெடுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒரு சுத்துப் பெரிசாத்தான் எடுத்தனான். வளருவாள் எல்லே."

பிறேக் அடிக்கும்போது இரண்டு கோட்டும் முன்னுக்கு வந்து எங்கள் பிடரியில் தட்டும். "குடும்பம் முழுக்க என்னை அடிக்குது" என்று நான் கத்துவேன். அவர் அந்தப் பகிடிக்கு ஒவ்வொரு தரமும் சிரித்தார்.

அன்றைக்கு வானம் அலுமினியச் சட்டிக்கு அடிப்பக்கம் போலக் கிடந்தது. அப்பிள் மரங்களில் இலை இல்லை. சாமான் ஏறி முடிந்தது. தாசண்ணை தடியோடு ரயர் தட்டப் போனார். நான் தொழிற்சாலைக்குள் இருந்த காசுப் போனில் யார்டுக்கு எடுத்தேன்.

"சாப்பிட்டீரோ?" என்றார் தம்பிராசா அண்ணை.

"ஓம் அண்ணை. இப்பதான்."

"தாசும் சாப்பிட்டவரோ?"

"ஓம் அண்ணை."

லேஞ்சியால் ரிசீவரைத் துடைக்கும் சரசரப்புக் கேட்டது. பிறகு மூன்றாம் தரம் கேட்டார்: "வடிவாச் சாப்பிட்டவரோ?"

மூன்று தரம் அவர் கேட்டதே இல்லை.

"யோகன், வவுனியாவிலையிருந்து கோயில் ஃபாதர் போன் எடுத்தவர். தாசின்ரை மனிசி மோசம் போட்டா. மலேரியாவாம். அடக்கமும் முடிஞ்சுதாம். பிள்ளை ஃபாதரவையோடை நிக்குது." ஒரு மூச்சு விட்டார். "நீர் அவருக்குச் சொல்லக்கூடாது. அவரை ஸ்ரேறிங்கிலை இருத்தவும் கூடாது. நீரே ஓடிக்கொண்டு வாரும். நானும் இஞ்சத்தைய ஃபாதரும் யார்டிலை நிக்கிறம். நாங்கள் சொல்லுறம்."

"அண்ணை, கேட்டால் என்ன சொல்ல?"

"நீர் வழமை போலப் பகிடி விட்டுக்கொண்டு வாரும்."

எங்கள் ஆட்கள் மரணச் செய்தியை நேரே சொல்வதில்லை. வருத்தம் கடுமை என்பார்கள், உடனே வா என்பார்கள், கூட்டிக்கொண்டு போய் நாலு பேர் நடுவில் இருத்திவிட்டுச் சொல்வார்கள். நானும் பலருக்கு அப்படிக் கடுமை சொன்னவன்தான். ஆனால் ஒரு லொறிக்குள், பக்கத்துச் சீற்றில் ஆளை வைத்துக்கொண்டு, இரண்டு கோட்டுகளையும் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு பகிடி விடும் வேலை எனக்கு அதுவரை வந்ததில்லை.

வெளியே வந்தேன். தாசண்ணை கடைசி ரயரைத் தட்டிவிட்டு ஓட்டும் பக்கக் கதவில் கை வைத்திருந்தார்.

"அண்ணை, நான் ஓடுறன். நீங்கள் கொஞ்சம் சரியுங்கோ."

"உனக்கென்னடாப்பா இண்டைக்கு? காய்ச்சலே?"

அந்தச் சொல் எனக்கு எங்கேயோ குத்தியது. "ஓட்டம் பழகப்போறன். இன்னும் கொஞ்ச நாளிலை நீங்கள் குடும்பகாரன், என்னோடை வரமாட்டியள்," என்று சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டு மற்றப் பக்கம் ஏறினார்.

பைப்புக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவருக்குப் பிடித்தது எதையாவது கடைசியாகக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. யார்டுக்குக் கெதியாகப் போய்ச் சேரவும் எனக்கு மனமில்லை. வாய் தானாகச் சொன்னது:

"அண்ணை, பழைய நூற்றிநாலாலையே போவமே?"

அவர் என்னை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ரொச்செஸ்ரர் வரும் வரைக்கும் நான் வாய் மூடவில்லை. வேலி விழுந்த கதை, கோப்பிக் கதை, லைசென்ஸ் ஒஃபிஸ் பெண்ணின் கதை. எல்லாம் அவர் நூறு தரம் கேட்டவை. சிவப்பு விளக்குகளை நான் ஏசவில்லை. இன்னும் நாலு விளக்குப் போட்டால் என்ன என்று இருந்தது. நகரம் முடிந்தது. உருண்டைக் கல் வீடு வந்தது. அவர் கேட்காமலே லொறியை ஓரம் கட்டினேன்.

அவர் இறங்கவில்லை. கையை மடியில் வைத்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோகு."

"சொல்லுங்கோ அண்ணை."

"இவ்வளவு காலத்திலை நீயா எப்பவாவது இந்த ரோட்டாலை போவம் எண்டு கேட்டனியோ?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"இந்த வீட்டிலை நீயா மறிச்சனியோ?"

நான் ஸ்ரேறிங்கைப் பார்த்தேன்.

"ஆர்?" என்றார். நான் வாயைத் திறக்க, கையை நீட்டி மறித்தார். "பொறு. சொல்லாதை."

பிறகு அவர் கதைத்தபோது குரல் சங்கக்கடையில் விலை கேட்பது போலச் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு அங்கை ரெண்டே ரெண்டு பேர்தான். ரெண்டிலை ஒராள். இல்லாட்டி ரெண்டும். இப்ப சொல்லாதை யோகு. ரோட்டு முடியட்டும். ரோட்டு முடியுமட்டும் எனக்கு ரெண்டு பேரும் இருக்கட்டும்."

பிள்ளை இருக்கிறாள் என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. அதைச் சொன்னால் மற்றதைச் சொன்னதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

அவர் கதைக்கத் தொடங்கினார். ரோட்டைப் பற்றி. நான் நித்திரை கொள்ளாமல் கேட்டது அன்றைக்குத்தான். இன்றைக்கு அந்தப் பொடியனின் போனுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

"இது முதல் ரோட்டில்லை. கரை. ஐஸ் உருகின காலத்திலை இஞ்சை இப்ப இருக்கிறதிலும் பெரிய ஏரி ஒண்டு கிடந்தது. அதின்ரை அலை ஒதுக்கின மணலும் கல்லும்தான் இந்த மேடு. ரெண்டு பக்கமும் சதுப்பு. அப்ப ஆதிச் சனம் மேட்டாலை நடந்தது. நடந்து நடந்து பாதையாப் போச்சு. பேந்து வெள்ளைக்காரன் வந்து மரம் வெட்டி வண்டில் விட்டான். தபால் வண்டி ஓடினது. ஏரி உருட்டின கல்லைப் பொறுக்கி, வரிசை வரிசையா அடுக்கி வீடு கட்டினாங்கள்."

ஒரு சந்தி கடந்தது. எனக்குப் பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. நான் காலை அமத்தவில்லை.

"கார் வந்தாப்பிறகு நாட்டு நம்பர் குடுத்தாங்கள். கிழக்கை மேப்பிள் வியூவிலை தொடங்கி, ஒஸ்வீகோ, நாங்கள் ஏத்திற வில்லியம்சன், ரொச்செஸ்ரர், அங்காலை லூயிஸ்ரன், நயாகரா. வெள்ளைக் கேடயத் தகட்டிலை நூற்றிநாலு. சனம் அருவி பாக்க இந்த ரோட்டாலை வந்ததாம். பைப்பு வந்த உடனை இதைத் தேடுவார் இல்லை. எழுபதுகளிலை, ஒரே மாநிலத்துக்குள்ளை ஓடுற ரோட்டுக்கு நாட்டு நம்பர் என்னத்துக்கு எண்டு கேடயத்தைக் கழட்டிப்போட்டாங்கள். அதே நம்பரை மாநிலத் தகட்டிலை எழுதி நட்டாங்கள். ரொச்செஸ்ரருக்குக் கிழக்கை அதுவும் இல்லை. புது ரோட்டைப் போட்டு நம்பரையும் புதுசுக்குக் குடுத்திட்டாங்கள்."

"எங்கடை அகதிக் கேஸ் மாதிரிக் கிடக்கு அண்ணை," என்றேன். பகிடியாகத்தான் தொடங்கினேன். குரல் நடுவில் உடைந்துவிட்டது. அவர் கேட்காதது போல இருந்தார்.

"ரோட்டு அதேதான் யோகு. தகடுதான் போனது. இந்தக் கரை ஏரியைச் சுத்தி எங்கடை ரொறன்ரோவுக்கும் வருது. தெரியுமே? பிலோவுக்கு எழுதினனான். நீ வந்தால் காட்டுறன் எண்டு." அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஊரின் பெயரை வாசித்தார். பிறகு அதற்கடுத்த ஊரை. பிறகு கடைகளின் பெயர்களை. கோவில்களை. பெற்றோல் ஸ்ரேசனை. எழுத்தில் கண்டதெல்லாம் வாசித்தார், எழுத்துத் தெரியாத எனக்காக வாசிப்பது போல.

லூயிஸ்ரனுக்கு முன்னால் நிலம் இறங்கும். எல்லைப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பழைய ரோட்டு தெற்கே நயாகராவுக்குப் போகிறது. எங்களுக்கு அது அந்த விளக்கோடு சரி.

"இனிச் சொல்லு," என்றார்.

"அக்கா," என்றேன்.

"பிள்ளை?"

"பிள்ளை சுகம். ஃபாதரவையோடை நிக்கிறா."

அவர் வாயிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, பாரம் இறக்கிய ஆள் விடுகிற மூச்சு. அது வந்த அதே கணம் கையால் வாயைப் பொத்தினார். விட்ட மூச்சைத் திருப்பி உள்ளே இழுக்கப் பார்க்கிறவர் போல இருந்தது. பச்சை விழுந்தது. நான் போகவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். திரும்பவும் சிவப்பு விழுந்தது. அவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். நான் மெதுவாகப் பிறேக்கை விட்டு, லொறி உருளத் திரும்ப அமத்த, பெரிய கோட் முன்னுக்கு வந்து அவர் தோளில் சாய்ந்தது. இரண்டு பேரும் அதைத் தள்ளவில்லை.

யார்டில் தம்பிராசா அண்ணை ட்ரெய்லர் ஒஃபிஸ் ஸ்ரெப்பில் நின்றார், பக்கத்தில் ஃபாதர். அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "சாப்பிட்டீரோ, தாஸ்?" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

"தெரியும் அண்ணை," என்றார் தாசண்ணை. "யோகு வழியிலை சொல்லிப்போட்டான்." முதலாளியின் கையை இவர்தான் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த ரோட்டால் அவர் வரவேயில்லை. பஃபலோ வழியாகவே ஓடினார். நானும் கேட்கவில்லை.

மாரிக்குளிர் முடியும் முன்னம் ஜெனி வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு என் வான் வண்டியில்தான் போனோம். சின்னக் கோட் அவளுக்குத் தோளில்கூட ஏறவில்லை. படங்கள் பழையவை, பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். தாசண்ணை அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வானுக்குப் போய்ப் பெரியதை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டார். கை இரண்டும் உள்ளே போய்விட்டன. ஆருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் நான் வீதியைப் பார்த்தேன். ஊர் ஊராகப் போகும் பழைய ரோட்டுகள் அவருக்குப் பிடிக்குமே என்று நினைத்தேன்.

"அண்ணை, டன்டாஸாலை இறங்கி கிங்ஸ்ரன் ரோட்டாலை ஆறுதலாப் போவமே? பிள்ளைக்கு ஊர் காட்டினமாதிரியும் இருக்கும்."

அவர் பின் சீற்றில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். வெளியே எதையும் பார்க்கவில்லை. கோட்டின் கைக்குள் தன் கையை விட்டு அவள் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன விசரே யோகு? பைப்பைப் பிடி," என்றார். "கெதியா வீட்டை போ."